இங்கிலாந்தில் பிள்ளையைப் பாதுகாக்கக் கவுன்சில் கேட்கும் நீதிமன்ற ஆணைகள்: படிப்படியான முழு வழிகாட்டி

"சோஷியல் சர்வீஸ் வந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடும்" என்ற பயம் ஹாரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பக்கத்துத் தமிழ் வீடுகளில் ஆழமாக ஊறிப்போன ஒன்று. ஆனால் கவுன்சிலின், அதாவது உள்ளூராட்சி மன்றத்தின், சமூகப் பணியாளர் தன் சொந்த முடிவில் ஒரு பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோக முடியாது. பெற்றோரின் சம்மதம், போலீஸின் 72 மணி நேர அதிகாரம், நீதிமன்ற ஆணை என்று மூன்றே வழிகள்தான் சட்டத்தில் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி நிபந்தனை, தனிக் காலக்கெடு, தனி எல்லை இருக்கின்றன. எந்த வழியில் விஷயம் நகர்கிறது என்று தெரியாமல் இருப்பதுதான் பல குடும்பங்களுக்குப் பெரிய இழப்பாகிவிடுகிறது.

இங்கே சொல்வது இங்கிலாந்தின் சட்டம். வேல்ஸிலும் நீதிமன்ற ஆணைகள் பெரும்பாலும் இவையே; ஆனால் கீழே வரும் 17, 20ஆம் பிரிவுகளுக்குப் பதில் அங்கே தனிச் சட்டம் உண்டு. ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் முறை வேறு. அடிப்படைச் சட்டம் 1989ஆம் ஆண்டின் பிள்ளைகள் சட்டம், அதாவது 'சில்ட்ரன் ஆக்ட்'; 1991 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னிருந்த 'பாதுகாப்பான இட ஆணை' ஒரு பிள்ளையை 28 நாள் வரை பிரித்து வைக்க இடம் கொடுத்தது. 1987இல் வடகிழக்கு இங்கிலாந்தின் கிளீவ்லாந்தில் சில மாதங்களுக்குள் 121 பிள்ளைகளுக்குப் பாலியல் துன்புறுத்தல் நடந்ததாக மருத்துவர்கள் முடிவு கட்டினார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, பிறகு பலர் வீடு திரும்பினார்கள். இன்னொரு பக்கம் 1973இல் மரியா கோல்வெல், 2000இல் விக்டோரியா கிளிம்பி, 2007இல் குழந்தை பீட்டர் கோனெலி என்று, அதிகாரிகள் தலையிடத் தவறியதால் உயிரிழந்த பிள்ளைகளின் வரிசை. இந்த இரண்டு பக்கத் தவறுகளுக்கும் நடுவே நடக்கத்தான் இன்றைய சட்டம் பார்க்கிறது.

நீதிமன்றத்துக்கு முன்

பள்ளி, மருத்துவர், அக்கம்பக்கம், போலீஸ் என யாராவது கவலை தெரிவித்தால், கவுன்சில் ஒரு வேலை நாளுக்குள் அடுத்து என்ன செய்வதென்று முடிவெடுக்க வேண்டும். இரண்டு பாதைகள் பிரிவது இங்கேதான்.

பிள்ளைகள் சட்டத்தின் 17ஆம் பிரிவு உதவிக்கான பாதை. 'தேவையுள்ள பிள்ளை' என்று மதிப்பிட்டு, பெற்றோர் சம்மதத்துடன் உதவி செய்வார்கள். மதிப்பீடு அதிகபட்சம் 45 வேலை நாளில் முடிய வேண்டும்.

47ஆம் பிரிவு விசாரணைப் பாதை. பிள்ளை 'கணிசமான தீங்கு' அனுபவிக்கிறது, அல்லது அனுபவிக்கக்கூடும் என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால் கவுன்சில் விசாரித்தே ஆக வேண்டும். அங்கே அவர்களுக்கு வேறு தெரிவு இல்லை. முதலில் போலீஸ், மருத்துவத் துறை, கவுன்சில் மூன்றும் கலந்து பேசுவார்கள். கவலை உறுதியானால், அந்தப் பேச்சு நடந்த 15 வேலை நாளுக்குள் பிள்ளைப் பாதுகாப்பு மாநாடு கூட வேண்டும். அதில் பாதுகாப்புத் திட்டம் தீர்மானமானால், 3 மாதத்துக்குள் முதல் மறுபரிசீலனை, பிறகு 6 மாதத்துக்கு ஒருமுறை.

பாதுகாப்புத் திட்டம் என்பது நீதிமன்ற ஆணை இல்லை. அதனால் யாருடைய உரிமையும் பறிபோவதில்லை. ஆனாலும் அதில் எழுதப்படும் ஒவ்வொரு வரியும் பின்னாளில் நீதிமன்றக் கோப்பில் சாட்சியாக வந்து உட்காரும். "இந்த மாதம் நான்கு சந்திப்பில் இரண்டுக்கு வரவில்லை" என்பது போன்ற சிறு குறிப்புகள்தான் ஒரு வருடம் கழித்து 'ஒத்துழைக்காத பெற்றோர்' என்ற பெரிய சொல்லாக வளர்கின்றன. வேலை நேரம் இடித்ததால் வர முடியவில்லை என்றால், அன்றைக்கே அதை மின்னஞ்சலில் எழுதிப் போடுங்கள்.

மொழியும் இங்கே குறுக்கே நிற்கும். வீட்டுப் பிள்ளையையோ உறவினரையோ மொழிபெயர்க்க வைக்கக் கூடாது. கவுன்சில்தான் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்ய வேண்டும். யாழ்ப்பாணத் தமிழா, தமிழ்நாட்டுத் தமிழா என்று கேட்டு வாங்குங்கள். "வெருட்டினேன்" என்று ஒரு தாய் சொல்வது ஆங்கிலக் குறிப்பில் 'மிரட்டல்' ஆகிவிடும். "ஒரு தட்டு தட்டினேன்", "அடிச்சேன்", "வெளுத்தேன்" மூன்றும் ஒரே ஆங்கில வினையாக இறங்கிவிடும். எதால், எங்கே, எத்தனை முறை, தழும்பு இருந்ததா என்று தெளிவாகச் சொல்லுங்கள். குறிப்பைத் திரும்ப வாசிக்கக் கேளுங்கள்.

அடிப்பதைப் பற்றியே ஒரு வார்த்தை. வேல்ஸில் 2022 மார்ச் 21 முதல் பிள்ளையை அடிப்பதற்கு 'நியாயமான தண்டனை' என்ற வாதமே கிடையாது. இங்கிலாந்தில் அந்த வாதம் இன்னும் இருக்கிறது. ஆனால் காயம் ஏற்பட்டால் அது கைகொடுக்காது. பிரம்பு, பெல்ட், அகப்பைக் காம்பு ஆகியவற்றின் தடம் உடம்பில் இருந்தால் பள்ளி அதை அன்றே தெரிவிக்கும். ஊரில் வழக்கம் என்ற விளக்கத்தை நீதிமன்றம் கேட்கும். ஆனால் பிள்ளைக்குத் தரும் பாதுகாப்பை அதற்காகக் குறைக்காது.

வழக்குக்கு முந்தைய கடிதம்

கவுன்சிலின் சட்டப் பிரிவும் சமூகப் பணிப் பிரிவும் கூடி, வழக்குப் போடும் அளவுக்கு விஷயம் வந்துவிட்டதா என்று பார்ப்பார்கள். வந்துவிட்டது, ஆனால் உடனடி ஆபத்து இல்லை என்றால் பெற்றோருக்கு ஒரு கடிதம் வரும். வழக்கறிஞர்கள் இதை 'பிஎல்ஓ கடிதம்' என்பார்கள் ('பப்ளிக் லா அவுட்லைன்' என்ற வழக்கு நடைமுறையின் சுருக்கம்). என்ன கவலை, என்ன மாற வேண்டும், எந்தத் தேதியில் கூட்டம் என்று அதில் இருக்கும்.

எங்கள் கணிப்பில் மொத்தப் பயணத்திலும் பெற்றோரின் கை ஓங்கியிருக்கும் கட்டம் இதுதான். சில மாதங்கள் அவகாசம் இருக்கிறது, பிள்ளை பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கிறது, வழக்கறிஞர் இலவசம். வருமானம் எவ்வளவு இருந்தாலும், 'பெற்றோர் பொறுப்பு' (பிள்ளைக்காக முடிவெடுக்கும் சட்ட உரிமையும் கடமையும்) உள்ளவர்களுக்கு இந்தக் கடிதம் வந்தவுடன் சட்ட உதவி உண்டு. அப்படியிருந்தும் கடிதத்தைப் பிரிக்காமல் வைத்துவிடுகிறவர்களும், ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டத்துக்கு அழைத்துப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

கடிதம் கையில் கிடைத்த நாளில் செய்ய வேண்டியவை:

1. வழக்கறிஞர்களின் சட்டச் சங்கம் ('லா சொசைட்டி') தரும் 'சில்ட்ரன் லா' அங்கீகாரம் பெற்ற வழக்கறிஞரைத் தேடுங்கள். வீடு வாங்க உதவியவரோ குடிவரவு வழக்கைப் பார்த்தவரோ இதற்குப் பொருத்தமில்லை. கவுன்சில் அனுப்பும் கடிதத்துடன் உள்ளூர் வழக்கறிஞர் பட்டியலும் இருக்கும்.
2. தாயும் தந்தையும் ஒருவர் மீது ஒருவர் குற்றம் சொல்லும் நிலை இருந்தால், இருவருக்கும் தனித்தனி வழக்கறிஞர் வேண்டும். வீட்டு வன்முறை இருக்கும் குடும்பத்தில் ஒரே வழக்கறிஞர் என்பது தாயின் வாயைக் கட்டிவிடும்.
3. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளக்கூடிய அம்மம்மா, சித்தி, பெரியப்பா, மாமா எல்லோருடைய பெயர்களையும் எழுதுங்கள். இங்கே இருப்பவர்கள், இலங்கையிலோ இந்தியாவிலோ கனடாவிலோ இருப்பவர்கள் யாரையும் விடாதீர்கள். வெளிநாட்டு உறவினரை மதிப்பிட மாதக்கணக்கில் ஆகும். மானத்துக்கு அஞ்சிச் சொந்தக்காரரிடம் விஷயத்தை மறைத்துவிட்டு, கடைசி விசாரணைக்கு முந்தின வாரம் ஒரு பெயரைக் கொடுப்பது கைக்கு எட்டியதை நாமே தட்டிவிடுவது போல.
4. 'குடும்பக் கூட்டு மாநாடு' வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். உறவினர்களே கூடித் திட்டம் போடும் முறை அது.
5. மது, போதைப் பரிசோதனை கேட்டால் தட்டிக்கழிக்காதீர்கள். தலைமயிர் மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளரும். மூன்று சென்டிமீட்டர் துண்டு மூன்று மாதக் கதையைச் சொல்லும். பரிசோதனைக்கு முன் மொட்டை போட்டால் எதையோ மறைக்கிறார் என்றுதான் எழுதுவார்கள். கோயில் நேர்த்தியாக இருந்தால் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்.

பிறக்காத குழந்தைக்கு எந்த ஆணையும் போட முடியாது. ஆனால் கர்ப்ப காலத்திலேயே மதிப்பீடும் இந்தக் கடிதமும் வரலாம். பிறந்த அன்றோ மறுநாளோ நீதிமன்றத்துக்குப் போகக் கவுன்சில் தயாராக இருக்கலாம். அதனால் கடிதத்துக்கான வேலைகளைப் பிரசவத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

20ஆம் பிரிவு: கையெழுத்துக்கு முன் நிற்க வேண்டிய இடம்

20ஆம் பிரிவின்படி பெற்றோர் சம்மதித்தால் கவுன்சில் பிள்ளையைத் தன் பராமரிப்பில், அதாவது வளர்ப்புக் குடும்பத்திலோ உறவினரிடமோ, வைக்கலாம். நீதிமன்றம் இல்லை, கெடு இல்லை. தாய் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், வீடே இல்லை என்ற நேரங்களில் இது உண்மையான உதவி. இதைக் குற்றமாகப் பார்க்கத் தேவையில்லை.

சிக்கல் எங்கே என்றால், "கையெழுத்துப் போடாவிட்டால் இப்போதே கோர்ட்டுக்குப் போவோம்" என்று நெருக்கப்பட்ட இரவுகளில். பிள்ளை பெற்ற சில மணி நேரத்தில், வலி மருந்தின் மயக்கத்தில், மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் வாங்கிய கையெழுத்துகளை நீதிபதிகள் கடுமையாகக் கண்டித்திருக்கிறார்கள். 2018இல் ஹாக்னி கவுன்சில் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவின் எல்லைகளைத் தெளிவாக்கியது. கவுன்சிலுக்கு இதன் மூலம் பெற்றோர் பொறுப்பு கிடைப்பதில்லை. பெற்றோர் பொறுப்பு உள்ளவர் எந்த நேரத்திலும், முன்னறிவிப்பு இல்லாமல், பிள்ளையைத் திரும்பக் கூட்டிப் போகலாம். அவர் மறுப்புத் தெரிவித்து, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவோ பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்யவோ முடியும் என்றால், கவுன்சில் பிள்ளையை வைத்திருக்கக் கூடாது. வைத்திருக்க வேண்டுமானால் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். 16 வயதான பிள்ளை தானாகவே சம்மதம் தரலாம்.

தந்தையின் நிலை பலருக்குத் தெரிவதில்லை. தாயை மணந்திருந்தால், அல்லது 2003 டிசம்பர் 1க்குப் பிறகு இங்கே பதிவான பிறப்புச் சான்றிதழில் தந்தையாகப் பெயர் இருந்தால், அவருக்கும் பெற்றோர் பொறுப்பு உண்டு. தாய் கையெழுத்திட்டுவிட்டாலும் தந்தை மறுக்கலாம்.

கையெழுத்திடும்படி சொன்னால், முதலில் தமிழில் ஒரு முறை வாசிக்கச் சொல்லுங்கள். எத்தனை நாளுக்கு, எதற்காக, எப்படித் திரும்பப் பெறுவது என்று காகிதத்தில் இருக்கிறதா பாருங்கள். வழக்கறிஞரிடம் பேசும்வரை நேரம் கேளுங்கள். சம்மதத்தைத் திரும்பப் பெறுவதாக இருந்தால் வழக்கறிஞர் மூலம் எழுத்தில் சொல்வது நல்லது. வளர்ப்புக் குடும்பத்தின் வாசலில் போய் நின்றால் உரிமை இருந்தும் அது போலீஸ் விஷயமாகத் திரும்பிவிடலாம்.

அவசரம்: போலீஸும் அவசரப் பாதுகாப்பு ஆணையும்

46ஆம் பிரிவின்படி, இப்போதே நகர்த்தாவிட்டால் பிள்ளைக்குக் கணிசமான தீங்கு நேரும் என்று நம்ப நியாயமான காரணம் உள்ள போலீஸ் அதிகாரி பிள்ளையைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோகலாம், அல்லது ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே கொண்டுபோவதைத் தடுக்கலாம். அதிகபட்சம் 72 மணி நேரம். போலீஸுக்குப் பெற்றோர் பொறுப்பு வருவதில்லை. கதவை உடைத்து உள்ளே வர இந்தப் பிரிவு அதிகாரம் தருவதும் இல்லை. அதற்கு வேறு சட்டமோ நீதிமன்ற வாரண்டோ வேண்டும். நீதிமன்றத்தை அணுக நேரம் இருந்தும் போலீஸை முன்னால் விடுவது சரியான முறை அல்ல என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன.

44ஆம் பிரிவின் அவசரப் பாதுகாப்பு ஆணை 8 நாள் வரை. ஒரே ஒரு முறை, இன்னும் 7 நாள் வரை நீட்டலாம். அதன் மூலம் கவுன்சிலுக்குப் பெற்றோர் பொறுப்பு வந்தாலும், பிள்ளையின் நலனைக் காக்கத் தேவையான அளவுக்கு மட்டுமே அதைப் பயன்படுத்தலாம். பிள்ளையைத் திருப்பி அனுப்புவது பாதுகாப்பானது என்று ஆகிவிட்டால் கெடு முடியக் காத்திருக்காமல் அனுப்பியே ஆக வேண்டும். நியாயமான அளவில் பெற்றோர் பிள்ளையைப் பார்க்க விடவும் வேண்டும்.

பெற்றோருக்குத் தெரிவிக்காமலே நீதிபதியிடம் போய் இந்த ஆணையை வாங்கலாம். அது விதிவிலக்கான நிலைமைக்கு மட்டும். தெரிவித்தால் பிள்ளையைக் கொண்டு ஓடிவிடுவார்கள், அடிப்பார்கள் என்பதற்குக் குறிப்பான சான்று வேண்டும். "குடும்பம் ஒத்துழைப்பதில்லை" என்ற பொதுப்பேச்சு போதாது. நீதிபதியிடம் என்ன சொல்லப்பட்டது என்ற குறிப்பைப் பெற்றோரின் வழக்கறிஞர் கேட்டு வாங்கலாம். அவசர ஆணையை எதிர்த்து மேல்முறையீடு கிடையாது. ரத்து செய்யச் சொல்லி அதே நீதிமன்றத்தைத்தான் கேட்க வேண்டும்.

அதிகம் பேசப்படாத ஒன்று 44ஏ பிரிவு. தீங்கு செய்கிறவர் வீட்டில் ஒருவர்தான் என்றால், பிள்ளைக்குப் பதில் அவரை வீட்டைவிட்டு வெளியேற்றும் நிபந்தனையை ஆணையிலேயே சேர்க்கலாம். அங்கே தங்கும் இன்னொருவர், பெரும்பாலும் தாய், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தயாராக இருந்து சம்மதிக்க வேண்டும். குடிகாரத் தந்தைக்காகப் பிள்ளை வீட்டைவிட்டுப் போக வேண்டிய கட்டாயம் இல்லை என்பதை அந்தத் தாயின் வழக்கறிஞர் உரக்கக் கேட்க வேண்டும். வழக்கு முடியும்வரை போடப்படும் இடைக்கால ஆணையிலும் இதே நிபந்தனைக்கு இடம் உண்டு.

43ஆம் பிரிவின் மதிப்பீட்டு ஆணை இதைவிட மென்மையானது. மருத்துவரிடம் காட்டவோ மதிப்பிடவோ பெற்றோர் விடாதபோது, அதிகபட்சம் 7 நாளுக்கு. நடைமுறையில் அரிதாகவே கேட்கப்படுகிறது.

வழக்கு: 26 வாரம்

பராமரிப்பு ஆணைக்கோ (பிள்ளையைக் கவுன்சிலின் பராமரிப்பில் வைப்பது) மேற்பார்வை ஆணைக்கோ (கவுன்சில் கண்காணித்து உதவுவது) கவுன்சிலும், என்எஸ்பிசிசி என்ற பிள்ளைப் பாதுகாப்புத் தொண்டு அமைப்பும் மட்டுமே விண்ணப்பிக்க முடியும். பிள்ளை 17 வயதை எட்டிவிட்டால் ஆணை போட முடியாது. விண்ணப்பம் சி110ஏ படிவத்தில் குடும்ப நீதிமன்றத்துக்குப் போகும். 2014 முதல் வழக்கு 26 வாரத்துக்குள் முடிய வேண்டும் என்பது சட்டம்; நீதியாக முடிக்க அவசியம் என்றால் ஒவ்வொரு தடவையும் 8 வாரம் வரை நீட்டலாம்.

நடக்கும் வரிசை:

விண்ணப்பம் பதிவானதும் பிள்ளையின் நலனுக்காகப் பேசத் தனிக் கார்டியன் ஒருவரைக் காஃப்காஸ் (குடும்ப நீதிமன்றங்களில் பிள்ளைகளுக்கான அரசு அமைப்பு) நியமிக்கும். பிள்ளைக்குத் தனி வழக்கறிஞரும் உண்டு. கார்டியன் கவுன்சிலின் ஆள் இல்லை. அவர் கவுன்சிலை எதிர்த்தும் பேசுவார், பெற்றோரை எதிர்த்தும் பேசுவார். அவரை வீட்டுக்கு அழைத்து, பிள்ளை எப்படி வளர்கிறது என்று நேரில் பார்க்க வையுங்கள்.

இடைக்கால ஆணை கேட்டிருந்தால் சில நாட்களிலேயே முதல் விசாரணை. பிள்ளை பிரிவது பெரும்பாலும் இங்கேதான். பிரிக்க வேண்டுமானால், பிள்ளையின் உடல் அல்லது மனப் பாதுகாப்பு உடனடியாகப் பிரிப்பதைக் கோருகிறது, வேறு எந்த ஏற்பாடும் போதாது, ஆபத்தின் அளவுக்கு ஏற்ற நடவடிக்கைதான் என்று நீதிபதி திருப்தியடைய வேண்டும். இந்தக் கட்டத்தில் சான்றுகள் முழுதாகச் சோதிக்கப்படுவதில்லை. அதனால் மாற்று ஏற்பாட்டைக் கையோடு கொண்டுபோங்கள்: யார் வீட்டில் வந்து தங்குவார், யார் பள்ளிக்குக் கூட்டிப்போவார், தந்தை எந்த முகவரியில் இருப்பார் என்று தேதியும் பெயரும் போட்டு எழுதியதாக. உறவினரைத் தற்காலிக வளர்ப்பாளராக 16 வாரம் வரை அங்கீகரிக்க விதிமுறையில் இடம் இருக்கிறது. இடைக்கால ஆணையை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 7 நாளே அவகாசம்; இறுதி ஆணைக்கு 21 நாள்.

12 முதல் 18 வேலை நாளுக்குள் வழக்கு முகாமை விசாரணை. யார் என்ன மதிப்பீடு செய்ய வேண்டும், நிபுணர் தேவையா, உறவினர்கள் யார் என்பதெல்லாம் இங்கே முடிவாகும். நிபுணர் 'அவசியம்' என்றால்தான் அனுமதி. 'பயன்படும்' என்றால் போதாது. தாய்க்குக் கற்றல் குறைபாடோ போர்க்காலக் காயத்தின் மனப்பாதிப்போ இருந்தால், அதைச் சொல்லி மனநல நிபுணரைக் கேட்க வேண்டிய நாள் இதுதான்.

பிறகு மதிப்பீடுகள், பிரச்சினைத் தீர்வு விசாரணை, உடன்பாடு வராவிட்டால் இறுதி விசாரணை. தமிழ் மொழிபெயர்ப்பாளரை நீதிமன்றமே இலவசமாக ஏற்பாடு செய்யும். ஒவ்வொரு விசாரணைக்கும் வழக்கறிஞர் முன்கூட்டிக் கேட்க வேண்டும். கட்டுக்கட்டாக வரும் ஆங்கில ஆவணங்களில் முக்கியமானவற்றைத் தமிழில் கேட்டுப் புரிந்துகொள்ளாமல் எதற்கும் 'சரி' சொல்லாதீர்கள்.

'த்ரெஷோல்ட்': நீதிபதி தாண்ட வேண்டிய வாசற்படி

31ஆம் பிரிவின்படி ஆணை போடுவதற்கு முன் இரண்டு நிரூபணமாக வேண்டும். பிள்ளை கணிசமான தீங்கு அனுபவிக்கிறது அல்லது அனுபவிக்கக்கூடும் என்பது ஒன்று. அந்தத் தீங்குக்குக் காரணம், நியாயமான பெற்றோர் தரும் பராமரிப்பு பிள்ளைக்குக் கிடைக்காதது, அல்லது பிள்ளை பெற்றோரின் கட்டுப்பாட்டை மீறிப்போனது என்பது மற்றொன்று. அம்மாவை அப்பா அடிப்பதைப் பிள்ளை பார்ப்பதும் கேட்பதும் சட்டப்படி தீங்கு. 2005 ஜனவரி முதல் சட்டத்தின் வரையறையிலேயே அது இருக்கிறது. "பிள்ளை மேல் கை வைக்கவில்லை" என்ற வாதம் அங்கே நிற்காது.

நிரூபணத்தின் அளவு, 'நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம்' என்பது. குற்றவியல் வழக்குபோல் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டதாக இருக்கத் தேவையில்லை. அதனால்தான் போலீஸ் வழக்கைக் கைவிட்ட பிறகும் குடும்ப நீதிமன்ற வழக்கு நடக்கிறது.

எந்தத் தேதியில் நிலைமை எப்படி இருந்தது என்று நீதிமன்றம் பார்க்கும் என்பதில் நிறையக் குழப்பம். பாதுகாப்பு ஏற்பாடு தொடங்கிய நாள்தான் கணக்கு. அதற்குப் பிறகு குடியை விட்டாலும், கணவரைப் பிரிந்தாலும் இந்த வாசற்படி இல்லாமல் போவதில்லை. ஆனால் அடுத்த கட்டத்தில், 'பிள்ளையின் நலனுக்கு என்ன ஆணை?' என்ற கேள்வியில், அந்த மாற்றம்தான் பெரும் எடை.

கவுன்சில் தன் குற்றச்சாட்டுகளை எண்ணிட்ட பத்திகளாகத் தரும். பெற்றோர் ஒவ்வொரு பத்திக்கும் 'ஒப்புக்கொள்கிறேன்', 'மறுக்கிறேன்', 'நடந்தது இப்படி' என்று பதில் எழுத வேண்டும். மூன்று தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. எல்லாவற்றையும் மறுத்துவிடுவது முதலாவது. பள்ளிப் பதிவேட்டில் இருப்பதை மறுத்தால் உண்மையான மறுப்புகளும் நம்பிக்கை இழக்கும். வழக்குச் சீக்கிரம் முடியும் என்று எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வது அதற்கு நேர்மாறு. ஒப்புக்கொண்டது அடுத்த குழந்தையின் வழக்கிலும் தொடரும். கவுன்சில் பக்கத்துத் தவறும் உண்டு: "பெற்றோர் நேர்மையற்றவர்" என்று எழுதிவிட்டு, அதனால் இந்தப் பிள்ளைக்கு என்ன தீங்கு என்று இணைக்காமல் விடுவது. வழக்கறிஞர் அந்த இடத்தில் பிடித்துக் கேட்க வேண்டும். யாரோ சொன்னார்கள் என்று கோப்பில் இருப்பதும் நடந்ததாக நிரூபிப்பதும் வேறு வேறு.

முடிவில் வரக்கூடிய ஆணைகள்

வாசற்படி தாண்டியும் ஆணை எதுவும் தேவையில்லை என்று நீதிபதி முடிவு செய்யலாம். ஆணை போடுவது போடாததைவிடப் பிள்ளைக்கு நல்லது என்றால்தான் போட வேண்டும் என்பது சட்டத்தின் முதல் பிரிவிலேயே இருக்கிறது.

மேற்பார்வை ஆணையில் பிள்ளை வீட்டிலோ உறவினரிடமோ இருக்கும்; கவுன்சில் ஆலோசனையும் உதவியும் தரும். பெற்றோர் பொறுப்பு கவுன்சிலுக்குப் போகாது. ஒரு வருடம், மொத்தம் மூன்று வருடம் வரை நீட்டலாம்.

பராமரிப்பு ஆணை 18 வயது வரை நீடிக்கும். பெற்றோர் பொறுப்பைக் கவுன்சில் பெற்றோருடன் பகிர்ந்துகொள்ளும். பெற்றோர் அதை எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம் என்று கட்டுப்படுத்தவும் முடியும். ஆனால் பிள்ளையின் மதத்தை மாற்ற முடியாது. எல்லாப் பெற்றோரின் எழுத்துச் சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ இல்லாமல் குடும்பப் பெயரை மாற்ற முடியாது; கவுன்சிலே ஆனாலும் ஒரு மாதத்துக்குக் குறைவான பயணத்துக்கு மட்டுமே பிள்ளையை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகலாம். முடிவெடுக்கும்போது மதம், இனம், பண்பாடு, மொழி ஆகியவற்றைக் கணக்கில் எடுக்கக் கடமை உண்டு. தமிழ் பேசும் வளர்ப்புக் குடும்பம் எப்போதும் கிடைக்காது. அதற்காகப் பேசாமல் இருக்காதீர்கள். மரக்கறிச் சாப்பாடு, கோயில் அல்லது சர்ச், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி, அம்மம்மாவுடன் வாரம் ஒரு வீடியோ அழைப்பு என்று வேண்டியதைப் பட்டியலாகப் பராமரிப்புத் திட்டத்தில் எழுத வையுங்கள். பார்க்க விடாமல் தடுக்கக் கவுன்சிலால் அவசரத்தில் 7 நாள் மட்டுமே முடியும். அதற்கு மேல் நீதிமன்ற அனுமதி வேண்டும்.

சிறப்புக் காப்பாளர் ஆணை உறவினருக்குப் பெரிதும் பொருத்தம். பிள்ளை சித்தி வீட்டில் 18 வரை வளரும், சித்தியின் முடிவே மேலோங்கும், தாய் தாயாகவே இருப்பாள். உறவினர் கையெழுத்திடும் முன் பண உதவி, பள்ளி, தாய் வந்து பார்க்கும் ஏற்பாடு எல்லாவற்றையும் ஆதரவுத் திட்டத்தில் எண்ணோடு கேட்க வேண்டும். ஆணைக்குப் பிறகு கேட்டால் பேரம் பேச இடம் குறைவு.

எல்லாவற்றிலும் கடுமையானது, 2002ஆம் ஆண்டின் தத்தெடுப்பு மற்றும் பிள்ளைகள் சட்டத்தின் கீழ் தத்துக்காக ஒப்படைக்கும் ஆணை. பெற்றோர் சம்மதிக்காவிட்டாலும், பிள்ளையின் நலன் கோருகிறது என்றால் நீதிபதி அந்தச் சம்மதம் இல்லாமலே போடலாம். வேறு எதுவும் பயன்படாது என்ற நிலையில் மட்டுமே என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வீட்டுக்குத் திரும்புவது, உறவினர், நீண்டகால வளர்ப்பு, தத்து என ஒவ்வொரு வழியின் நன்மை தீமையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடைபோட வேண்டும்; ஒன்றை அடித்துவிட்டு அடுத்ததற்குப் போவது பிழை. குழந்தை பிறந்து ஆறு வாரம் ஆகும் முன் தாய் தரும் தத்துச் சம்மதம் செல்லாது. ஒப்படைப்பு ஆணையை ரத்து செய்யக் கேட்க, நிலைமை மாறியிருக்க வேண்டும், பிள்ளை இன்னும் தத்துக் குடும்பத்தில் வைக்கப்படாமல் இருக்க வேண்டும், நீதிமன்ற அனுமதியும் வேண்டும். நாட்கள் அங்கே மிக விலை உயர்ந்தவை.

வேறு சில ஆணைகள்

கட்டாயத் திருமணப் பாதுகாப்பு ஆணையைக் கவுன்சில் தனி அனுமதி இல்லாமலே கேட்கலாம். கடவுச்சீட்டை ஒப்படைக்கச் சொல்லலாம். மீறுவது 2014 முதல் குற்றம், ஐந்து வருடம் வரை சிறை. 2023 பிப்ரவரி 27 முதல் 18 வயதுக்குட்பட்டவருக்கு எந்த விதத் திருமண ஏற்பாடும், கோயிலில் நடக்கும் பதிவில்லாத சடங்கு உட்பட, குற்றமாகும். திரும்பத் திரும்ப ஓடிப்போய் ஆபத்தில் சிக்கும் பிள்ளைக்குப் பூட்டிய இல்ல ஆணை உண்டு: நீதிமன்றம் இல்லாமல் 28 நாளில் மொத்தம் 72 மணி நேரம், நீதிமன்றம் முதலில் 3 மாதம், பிறகு 6 மாதம் வரை. பள்ளிக்கு ஒழுங்காகப் போகாத பிள்ளைக்குக் கல்வி மேற்பார்வை ஆணை இருக்கிறது.

ஆணைக்குப் பிறகு

பிள்ளை பராமரிப்புக்குப் போன 20 வேலை நாளில் முதல் மறுபரிசீலனை, அடுத்தது 3 மாதத்துக்குள், பிறகு 6 மாதத்துக்கு ஒருமுறை. சுயாதீன மறுபரிசீலனை அதிகாரி அதை நடத்துவார். கவுன்சில் திட்டத்தை நிறைவேற்றவில்லை என்றால் அவரிடம் எழுத்தில் முறையிடுங்கள்.

பராமரிப்பு ஆணையை ரத்து செய்யும்படி 39ஆம் பிரிவின்படி பெற்றோரும் பிள்ளையும் விண்ணப்பிக்கலாம். ஒருமுறை மறுக்கப்பட்டால், நீதிமன்ற அனுமதி இல்லாமல் அடுத்த 6 மாதத்துக்கு மீண்டும் கேட்க முடியாது; ஆகவே அவசரப்பட்டுப் போடாதீர்கள். இறுதித் தீர்ப்பை எடுத்து, நீதிபதி எந்தெந்தக் குறைகளைச் சொன்னார் என்று ஒவ்வொன்றாக எழுதி, எதிரே அது எப்படிச் சரியானது என்பதற்கான காகிதத்தை வையுங்கள். குடி நிறுத்தியதற்கு மருத்துவமனைக் கடிதம், வீட்டுக்கு வாடகை ஒப்பந்தம், வகுப்பு முடித்த சான்றிதழ், ஒரு சந்திப்பும் தவறாமல் பிள்ளையைப் பார்க்கப் போனதற்கு வருகைப் பதிவு. எதிர்ப்பக்கம் வெற்றாக இருக்கும் வரிகளை நிரப்பிய பிறகு வழக்கறிஞரிடம் போங்கள்.